நாடியா புரோகோப்பைப் படித்துவிட்டு வாருங்கள்

வின்னிபெக் நகரத்தின் உறைய வைக்கிற ஜனவரிக் காற்றில் நின்று பஸ் டிக்கெட் மெஷினோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும், அந்தக் கண்ணாடித் திரைக்கு வெறும் விரல்தான் வேண்டும். கையுறை போட்ட விரலை அது மதிக்காது. பல்லால் கடித்துக் கையுறையை உருவ வேண்டும், விறைத்துப்போன விரலால் குத்திக் குத்திப் பார்க்க வேண்டும், 'மீண்டும் முயலவும்' என்று அது சொல்வதைப் படிக்க வேண்டும், அதற்குள் பஸ் போய்விடும். இதை வடிவமைத்த மகராசன் வருஷம் முழுக்க வெயில் அடிக்கிற ஏதோ ஒரு ஊரில் அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். அந்த அநியாயத்தை ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதி உலகத்துக்குச் சொன்னவள் நாடியா புரோகோப்.

நாடியா இந்த ஊர்க்காரி. அப்பா ஸ்டீபன் நகரத்தின் வடக்குப் பக்கத்தில் பஸ் ஓட்டினார். ராத்திரிச் சாப்பாட்டில் பெரோகி என்கிற கொழுக்கட்டையைப் புளித்த கிரீமில் முக்கிக்கொண்டே அவர் சொன்ன கதையெல்லாம் பஸ்ஸைத் தவறவிட்டவர்களின் கதைதான். மகள் பெரிய படிப்புப் படித்து, மனிதர்களுக்கும் மெஷின்களுக்கும் நடுவே நடக்கிற இழுபறியை ஆராய்கிற துறையில் டாக்டர் பட்டம் வாங்கி, ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே அப்பா ஓட்டிய தடத்தில் ஒரு நிறுத்தம் விடாமல் போய் நின்றாள். பேனா மை உறைந்துவிடும் என்று பென்சிலில்தான் குறிப்பெடுத்தாள். ஒரு அம்மாள் திரையை மூக்கால் அழுத்தினாள். ஒருவன் புதுக் கையுறையில் கட்டைவிரலுக்கு ஓட்டை போட்டு வைத்திருந்தான். நிறையப் பேர் அழுத்தவே இல்லை. மெஷினை ஒரு முறை முறைத்துவிட்டு நடந்தே போனார்கள்.

எல்லா மெஷினும் நம்முடையது சூடான கை என்று நினைத்துக்கொள்கிறது, தப்பு அங்கேதான் என்று அவள் எழுதினாள். 'சூடான கை' என்ற அந்தப் பெயர் துறையில் ஒட்டிக்கொண்டது. நார்வேக்காரன் எடுத்துப் பேசினான், ஜப்பானில் பாடமாக வைத்தார்கள்.

எல்லாம் சரி. ஆனால் நாடியாவின் ஆராய்ச்சிக்கு ஒரு கஷ்டம் உண்டு. அவளுக்குக் குளிர் வேண்டும். ஒரு குளிர்காலத்துக்கு ஒரு ஆய்வு, அதற்கு ஒரு கட்டுரை, அவ்வளவுதான். மார்ச் மாதம் பனி உருகினால் கடையைக் கட்ட வேண்டியதுதான். மற்றவர்களோ சூடான அறையில் உட்கார்ந்து இணையத்தில் ஒரு கேள்வித்தாளை விட்டெறிந்து, வந்த பதிலை நாலு துண்டாக வெட்டி நாலு கட்டுரையாக்கி, நாலு மாநாட்டுக்கு விமானம் ஏறினார்கள். ஆண்டுக் கடைசியில் அவர்கள் பெயருக்குக் கீழே கட்டுரைகள் பக்கம் பக்கமாக ஓடும். நாடியாவின் பெயருக்குக் கீழே ஒரே ஒரு வரிதான் கூடும். எழுதியதைப் படிப்பதைவிட எண்ணுவது சுலபம் என்பதால் பல்கலைக்கழகங்கள் எண்ணத்தான் செய்கின்றன. என்ன சொல்ல!

வேலைக்குச் சேர்ந்த ஆறாவது வருஷம் அவளுக்குத் தீர்ப்பு வருஷம். ஒன்று, வேலையை நிரந்தரமாக்குவார்கள். இல்லாவிட்டால் ஒரு வருஷம் தவணை கொடுத்து மூட்டையைக் கட்டச் சொல்வார்கள். நடுவில் எதுவும் கிடையாது. மூட்டையைக் கட்டினால் எங்கே போவாள்? வேலை இருந்த இடமெல்லாம் தெற்கே. கையுறை விற்கவே விற்காத ஊரில் அவள் எதை ஆராய்வாள்? வேலை போனால் வேலை மட்டும் போகாது, இத்தனை வருஷம் நடுங்கி நடுங்கிச் சேர்த்ததும் சேர்ந்து போய்விடும்.

அந்த இலையுதிர் காலத்தில் பெட்ரோல் பங்க்கில் பணம் கட்டும் திரையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் துறையின் பெரிய மாநாட்டுக்கு அனுப்பினாள். அங்கே ஒரு வழக்கம். எழுதியவர் யாரென்று மதிப்பிடுகிறவருக்குத் தெரியக்கூடாது, மதிப்பிடுகிறவர் யாரென்று எழுதியவருக்குத் தெரியக்கூடாது. அதனால் தன் பழைய கட்டுரையைச் சொல்லும்போதுகூட, யாரோ மூன்றாம் மனுஷியைச் சொல்வதுபோல 'புரோகோப் கண்டறிந்தபடி' என்றுதான் எழுத வேண்டும். நாடியா ஒழுங்காக அப்படியே எழுதினாள்.

நவம்பரில் மதிப்புரைகள் வந்தன. பக்கத்து அறை க்வென் ஃப்ரீசன் காபியோடு உள்ளே வந்தபோது, நாடியா திரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். க்வென் குழந்தைகளின் கணினி விளையாட்டை ஆராய்கிறவள். மெனோனைட் என்கிற கட்டுப்பாடான கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்தில் அடக்க ஒடுக்கமாக வளர்ந்தவள், வாய் மட்டும் அடங்கவில்லை.

"என்னடி, யாராவது செத்துட்டாங்களா?"

"ரெண்டாவது ஆள் எழுதினதைப் படி."

க்வென் குனிந்து சத்தமாகப் படித்தாள். 'இது புரோகோப்பின் அடிப்படையான ஆய்வுகளின் வெளிறிய நகல். புரோகோப் இதையெல்லாம் முன்பே, இதைவிட ஆழமாகவும் அழகாகவும் சொல்லிவிட்டார். எழுதியவர்கள் புரோகோப்பைப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. முதலில் அவரைக் கவனமாகப் படித்துவிட்டு வாருங்கள்.'

க்வென் காபியைக் கீழே வைத்துவிட்டாள். சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அடிப்பாவி, உன்னை நீயே காப்பியடிச்சிட்டியே! போடி, போய் நாடியாவைப் படிச்சிட்டு வா!"

"சிரிக்காத க்வென். எனக்கு வயிறு எரியுது."

"எரியட்டும். கீழே இன்னும் ஏதோ இருக்கே."

கீழே, 'இந்த மூன்று கட்டுரைகளையும் தவறாமல் மேற்கோள் காட்டவும்' என்று ஒரு கட்டளை. மூன்றும் ஆல்வுட் என்ற ஒருவர் எழுதியவை. மேடையில் நின்று கையை ஆட்டினால் திரை கேட்கும் என்கிற ரகம். கையுறைக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

"முகமூடி போட்டுக்கிட்டு நெத்தியில பேரை ஒட்டிக்கிறானுங்க பாரு," என்றாள் க்வென். "டெரெக் ஆல்வுட். அரிசோனா பாலைவனத்துக்காரன். அந்த மூணைப் படின்னு அவனைத் தவிர வேற எவன் சொல்லுவான்? அவன் பொண்டாட்டிகூடச் சொல்ல மாட்டா."

பதில் எழுத ஒரு வாரம் தந்தார்கள். அந்த ஒரு வாரமும் நாடியா பட்ட பாடு யாருக்கும் வரக்கூடாது. 'நான்தானய்யா புரோகோப்' என்று ஒரு வரி எழுதினால் விஷயம் முடிந்தது. எழுதினால் கட்டுரையும் முடிந்தது. பெயரை வெளியே விட்டால் படிக்காமலே தள்ளிவிடுவார்கள், அது விதி. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, 'புரோகோப் மீது எங்களுக்கு மிகுந்த மதிப்பு உண்டு. எனினும் பெட்ரோல் பங்க்கைப் பற்றி அவர் இதுவரை எழுதவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறோம்' என்று எழுதினாள். எழுதும்போது வெட்கமாக இருந்தது. தன்னைத் தானே கும்பிட்டுக்கொள்ளும் நிலைமைக்கு ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்துகிற வழக்கம் என்ன வழக்கமோ!

கட்டுரை தள்ளுபடியானது. இரண்டாவது ஆளுக்குத் திருப்தி இல்லையாம். புரோகோப்பின் பெருமை அந்தப் பதிலில் போதிய அளவு தெரியவில்லையாம்.

ஜனவரியில் துறைத் தலைவர் இயன் மெக்ரே கூப்பிட்டு அனுப்பினார். மெக்ரே நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷன் என்ற பெயருக்குப் பங்கம் வந்துவிடுமோ என்று எதற்கும் வாயைத் திறக்காத மனுஷன். நிரந்தர வேலைக்கு வெளியூர்ப் பேராசிரியர்களிடம் ரகசியமாகக் கருத்துக் கேட்பார்கள். வந்த கடிதங்களைப் பெயரை மறைத்துவிட்டு அவளிடம் காட்ட வேண்டும். அதற்குத்தான் கூப்பிட்டிருந்தார்.

"உக்காருங்க நாடியா. மூணு கடிதம் ரொம்ப நல்லா இருக்கு. நாலாவதுதான் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

"கொஞ்சம்னா?"

"நீங்களே படிங்க. முடிவு பண்ற குழுவுக்கு முன்னாடி நேர்ல வந்து பதில் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா, ஒண்ணு சொல்லட்டுமா? அமைதியாப் பேசுங்க."

நாலாவது கடிதம் இப்படி இருந்தது. 'புரோகோப்பின் வெளியீடுகள் எண்ணிக்கையில் சொற்பம். ஆழம் போதாது. ஒரே சின்ன விஷயத்தை, அதாவது கையுறையை, வருஷா வருஷம் திரும்பச் சொல்கிறார். மற்றவர்கள் போட்ட பாதையில் நடக்கிறாரே ஒழியத் தாமாக எதையும் தொடங்கியதாகத் தெரியவில்லை. குறிப்பாக, துறையின் முக்கியமான இந்த மூன்று கட்டுரைகளை அவர் எங்குமே கையாளாதது பெரிய குறை.' அடியில் மூன்று கட்டுரைகள். அதே மூன்று!

நாடியா கடிதத்தைத் திரும்ப ஒருமுறை படித்தாள். நவம்பரில் வந்ததை மனசுக்குள் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நவம்பரில் முகம் தெரியாத ஒருத்தியை அடிக்க நாடியா புரோகோப்தான் தடி. ஜனவரியில் அதே வாய்க்கு அதே நாடியா ஒன்றுமில்லாதவள். அவன் இரண்டில் எதையாவது நம்பித்தான் எழுதினானா?

"இதுக்கு நான் அமைதியாப் பேசணுமா, இயன்?"

மெக்ரே மேஜை மேலிருந்த பேப்பர்களை ஒழுங்காக அடுக்கினார். ஏற்கனவே அவை ஒழுங்காகத்தான் இருந்தன.

குழு கூடிய நாளில் வெளியே தாங்க முடியாத குளிர். எஞ்சின் உறையாமல் காக்கிற ஹீட்டரின் ஒயரை ராத்திரி செருக மறந்ததால் நாடியாவின் கார் கிளம்பவில்லை. பஸ்ஸில் வந்தாள். அப்பாவின் பழைய தடத்திலேயே வந்தாள் என்பதில் அவளுக்கு ஒரு முரட்டுத் தைரியம் இருந்தது. க்வென் வாசலிலேயே பிடித்துக்கொண்டு, "அழுதுறாதடி. அழுதா அதையும் எழுதி வச்சுக்குவாங்க," என்று காதில் சொல்லி அனுப்பினாள்.

குழுவில் வேதியியல் துறையிலிருந்து பெவர்லி ஓக்ஸ் என்று ஒரு அம்மாள். வெளித்துறை ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்பதற்காகப் போட்டது. எடுத்த எடுப்பிலேயே கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு கேட்டாள்.

"இதெல்லாம் மாநாட்டுல பேசினதுதானே? எங்க துறையில மாநாடுன்னா போஸ்டரை ஒட்டிட்டு, ஓசிக் காபி குடிச்சிட்டு வர்ற இடம். ஜர்னல் கட்டுரை எங்கம்மா?"

"எங்க துறைல மாநாடுதான் எல்லாமே. நாலு கட்டுரை வந்தா மூணைத் தூக்கி எறிஞ்சிட்டுத்தான் ஒண்ணை எடுப்பாங்க. போன மாசம் என்னோடதையும் எறிஞ்சாங்க."

"எறிஞ்சதை எதுக்கு எங்ககிட்ட சொல்றீங்க? அதெல்லாம் மறைக்கிற சமாசாரம்."

"சொல்லத்தான் வந்தேன்," என்று நாடியா இரண்டு தாள்களை எடுத்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "இடது பக்கம் இருக்கறது நீங்க எனக்குக் காட்டின நாலாவது கடிதம். வலது பக்கம் என் கட்டுரையை எறிஞ்சவர் எழுதினது. அவருக்கு நான் யாருன்னு தெரியாது."

மெக்ரே அவசரமாக முன்னால் சாய்ந்தார். "நாடியா, வலது பக்கத்துல இருக்கறதை நாங்க கணக்குல எடுக்க முடியாது. அதுல பேர் இல்ல. யார் எழுதினதுன்னே தெரியாத ஒண்ணு."

நாடியாவுக்கு அங்கேதான் பொறுமை போயிற்று.

"இதுல மட்டும் பேர் இருக்கா? கறுப்பு மையால அழிச்சுல்ல கொடுத்தீங்க! பேர் இல்லாத கடுதாசி ஒண்ணு என்னை ஊரை விட்டே துரத்தலாம், பேர் இல்லாத கடுதாசி ஒண்ணு எனக்காகச் சாட்சி சொல்லக் கூடாதா? இது எந்த ஊர் நியாயம்? ஆறு வருஷமா நடுக்குளிர்ல நின்னிருக்கேன். கால்விரல் ரெண்டுல இன்னைக்கும் உணர்ச்சி கிடையாது. நான் எழுதினது மோசம்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். ஆனா அதைச் சொல்றதுக்கு முன்னாடி, எழுதினதை ஒருத்தராவது படிச்சிருக்கணும்!"

பெவர்லி ஓக்ஸ் இரண்டு தாளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முதலில் ஒன்றைப் படித்தாள். பிறகு மற்றதை. அடியில் இருந்த கட்டுரைப் பெயர்களில் விரலை வைத்து, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"இங்க நீ 'அடிப்படையான ஆய்வு'. இங்க நீ 'தாமாக எதையும் தொடங்காதவள்'. அந்த மூணு கட்டுரை மட்டும் ரெண்டு பக்கமும் இருக்கு. இந்த ஆல்வுட் யாரு?" என்று கேட்டுவிட்டு, மெக்ரேயைப் பார்த்தாள். கடிதம் எழுதியது யாரென்று அறிந்தவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான். "இயன், நான் பேர் கேக்கல. கேக்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். உங்க காது ஏன் இப்படிச் சிவக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

மெக்ரே காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வாயைத் திறக்கவில்லை. அவர் திறக்காத அந்த வாய்தான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்திக்கு உதவியது.

"எங்க துறையிலயும் இந்த மாதிரி ஆளுங்க உண்டு," என்றாள் பெவர்லி. "சோதனைக் குழாயைவிட இவங்களைத்தான் ஜாக்கிரதையாக் கையாளணும். சரிம்மா, அந்த முதல் பஸ் கட்டுரையை எனக்கு அனுப்பு. ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி நானாவது படிக்கிறேன்."

மார்ச் மாதம் பனி உருகத் தொடங்கியபோது முடிவு வந்தது. வேலை நிரந்தரம். அப்பா ஸ்டீபன் கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "இனிமே உன்னைத் துரத்த முடியாதா?" என்று கேட்டார். முடியாது என்றாள். "அப்ப அந்த மெஷினை மாத்தச் சொல்லு," என்றார். க்வென் ஒரு கேக் வாங்கி, 'போய் நாடியாவைப் படி' என்று அதில் சர்க்கரையில் எழுதி எடுத்துவந்தாள். நாடியா சிரித்தாள், சாப்பிட்டாள். ஆனால் உள்ளே இருந்த எரிச்சல் கேக்கால் அணையவில்லை. தன் வேலை பிழைத்தது நியாயத்தால் அல்ல, ஒருவன் அவசரத்தில் அதே மூன்று கட்டுரைகளை இரண்டு இடத்திலும் ஒட்டியதால்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒட்டாமல் இருந்திருந்தால்? பெட்ரோல் பங்க் கட்டுரை தள்ளுபடியானது தள்ளுபடியானதுதான். அதற்கு யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அடுத்த இலையுதிர் காலத்தில் மாநாட்டுக்காரர்கள் அவளுக்கே ஒரு கட்டுரையை மதிப்பிட அனுப்பினார்கள். எழுதியவர் பெயர் வழக்கம்போல இல்லை. கையுறையும் தொடுதிரையும் பற்றிய கட்டுரை. படிக்கப் படிக்க நாடியாவின் முகம் மாறியது. க்வென்னைக் கூப்பிட்டாள்.

"இதைப் பாரு. குளிரூட்டின அறை ஒண்ணைக் கட்டி, மாணவர்களுக்குப் புதுக் கையுறை கொடுத்து, உள்ள விட்டுச் சோதிச்சிருக்காங்க. 'ஆல்வுட்டின் முன்னோடி ஆய்வுகளைப் பின்பற்றி'ன்னு எழுதியிருக்கு. அந்த மூணும் இருக்கு."

க்வென் கைதட்டினாள். "வந்தாண்டி வழிக்கு! கையுறைக்கே வந்துட்டானா? புரோகோப்பைப் பத்தி என்ன எழுதியிருக்கான்?"

"தேடிப் பாத்துட்டேன். ஒரு இடத்துலகூட இல்ல."

புரோகோப்பைப் படித்துவிட்டு வா என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன், கையுறையைப் பற்றித் தானே எழுதும்போது புரோகோப்பை அடியோடு மறந்துவிட்டான். 'சூடான கை'யைக்கூட 'வெப்பமான விரல்' என்று பெயர் மாற்றித் தன்னுடையதாக்கி வைத்திருந்தான்.

"நறுக்கிப் போடு," என்றாள் க்வென். "ஒரே வரியில தள்ளு. உனக்குச் செஞ்சதுக்கு இதுதான் கூலி."

"கட்டுரை மோசமில்லடி, அதுதான் கொடுமை. விரல் விறைக்கிற வேகத்தை நல்லா அளந்திருக்கான் பாவி. எனக்கு இது தெரியாது. ஆனா அந்த அறையில காத்து இல்ல, இருட்டு இல்ல, பஸ் கிளம்பிடுமேங்கிற பயம் இல்ல. அதைச் சொல்லணும். புரோகோப்பைச் சொல்லாததையும் சொல்லணும்."

"சொன்னா நீயும் அவனும் ஒண்ணு. பேரை மறைச்சுக்கிட்டு 'என்னைப் படி, என்னைப் படி'ன்னு நீயும் ஒட்டினதா ஆகும்."

"ஆகாது."

நாடியா எழுத ஆரம்பித்தாள். கட்டுரையில் எது நன்று, எது போதாது, எதைத் திருத்தினால் ஏற்கலாம் என்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுதினாள். ஒரு குத்தல் வார்த்தை போடவில்லை. போடத் துடித்த இடத்திலெல்லாம் எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுவிட்டு வந்தாள். வெளியே பருவத்தின் முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. கடைசிப் பத்தி வந்ததும் க்வென் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"ஏய், பேரைப் போடறியா? யாரும் போடறதில்லடி. பேர் போடறதுக்கு அதுல இடமே கிடையாது. அவன் உன்னைப் பகைச்சுக்குவான்."

"இப்ப மட்டும் என்ன, மாமனா மச்சானா? இடம் இல்லைன்னா எழுதற இடத்துலயே எழுதறேன்."

க்வென் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். நாடியா விரல்களை ஒருமுறை தேய்த்துக்கொண்டு, நிதானமாகக் கடைசி வரிகளை அடித்து, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

'கையுறையைப் பற்றி எழுதும் எவரும் விடக்கூடாத ஆய்வுகளை நீங்கள் விட்டுவிட்டீர்கள். தயவுசெய்து புரோகோப்பைக் கவனமாகப் படித்துவிட்டு வாருங்கள். இதைச் சொல்கிறவள் யார் என்று நீங்கள் ஊகித்துச் சிரமப்பட வேண்டாம். நான்தான் நாடியா புரோகோப்.'